உங்கள் கிழட்டுப் பூனை

அக்கா,

இன்று காலை துவைக்க எடுத்த போர்வையில் ஈரமான மயிர்க்கட்டி ஒன்று ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பூனை கக்கிவிட்டுப் போயிருக்கிறது. விரல் பட்டதும் குமட்டியது. திருப்பதிக்கு வந்து இத்தனை வருஷமாகியும், அந்த வழவழப்பு என்னைச் சித்தூரில் நாம் சேர்ந்து குடியிருந்த அறைக்கே கொண்டுபோய்விட்டது.

நமக்கு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை, ஒரே அடுப்பு. நடுவில் உங்கள் பூனை. பதிமூன்று வயது என்பீர்கள். பகல் முழுக்க நக்கும், நிறுத்தினால் சொறியும். வயிற்றிலும் தொடையிலும் மயிர் போய், உரித்த கோழிபோல் சிவந்திருந்தது. கழுத்துப் பொருக்கைப் பின்னங்காலால் பிய்த்தால் நீர் கசியும். சாயங்காலம் ஜெபம் பண்ணும்போது அந்தச் 'சளக் சளக்' மட்டும்தான் என் காதில் விழும். அதே நாக்கால் உங்கள் கையையும் நக்கும். அந்தக் கையால் நீங்கள் சோறு போட்டால் எனக்கு இறங்காது.

மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கூடையில் வைத்துத் தூக்கிப்போனோம். கம்பவுண்டர் முதுகைச் சீவி, உதிர்ந்த கறுப்புப் பொடியை ஈரத்துணியில் தட்டினார். துணி சிவந்தது. தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த ரத்தம்.

"ஏமீ பூயொத்தம்மா, எதையும் பூசாதீங்க. மேல எது தடவினாலும் நக்கியே உள்ள இழுத்துக்கும். தினம் சீவி, பூச்சிய சோப்புத் தண்ணில போடுங்க" என்றார்.

தினமும் சீவினீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆந்திரா தனியாகப் பிரிந்திருந்த சமயம். தெலுங்கில் தேறாவிட்டால் வேலை நிலைக்காது என்று பேச்சு. நீங்கள் பரீட்சைக்குத் திருப்பதி கிளம்பினீர்கள்.

"நாலு நாள்தாம்மா. அருவருப்பா இருந்தா கைல துணி சுத்திக்கினு சீவி வுடு."

"சரிக்கா, நீங்க நல்லா எழுதிட்டு வாங்க."

ஒரு நாள்கூடச் சீவவில்லை. இரண்டாம் நாள் அது என் தலையணையில் படுத்து நக்கிக்கொண்டிருந்தது. உறையெல்லாம் பொருக்கும் சீழும். விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டு அதன் உடம்பெல்லாம் தேய்த்தேன். மூலையில் போய் உட்கார்ந்து அத்தனையும் நக்கியது. வாயில் நுரை தள்ளியது. பயந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மூச்சுக்குத் தவித்துத் தவித்து, நீங்கள் திரும்பி வந்த அன்று காலையில் செத்தது.

"வயசாயிடுச்சு இல்லக்கா. துன்னாமலே கெடந்துச்சு, போயிடுச்சு" என்றேன்.

பயணப் புடவையோடு அதைத் தூக்கி முகத்தில் அணைத்துக்கொண்டீர்கள். சட்டென்று அழுகை நின்றது. இன்னொரு முறை முகர்ந்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. வேலியோரம் புதைத்துவிட்டு வந்து, "கை கழுவிக்கினு வா, துன்னலாம்" என்றீர்கள். நீங்கள் போட்ட சோற்றை அன்று மிச்சமில்லாமல் தின்றேன்.

பரீட்சையில் தேறினீர்கள். இருந்தும், திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னைப் பக்கம் சேர்ந்தபோது அங்கே வேலை தேடிக்கொண்டு போய்விட்டீர்கள். போன மாதம் உங்கள் சாவுச் செய்தி தபாலில் வந்தது.

அதற்கப்புறமும் அத்தனை வருஷம் ஒரே அறையில் இருந்தும் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன். அக்கா, அது வயதாகிச் சாகவில்லை. கம்பவுண்டர் சொன்னது நினைவிருந்தும்தான் மண்ணெண்ணெயைப் பூசினேன். செத்ததும் கையைக் கழுவிக்கொண்டு, அப்பாடா என்று உட்கார்ந்தேன்.