யாரும் குறையாத பலகை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பாய்லர் மூச்சு விட்டதும்தான் எனக்கும் மூச்சு வந்தது. இரண்டு நாளாக மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி விரிப்புகள் மலைபோல் குவிந்துவிட்டன. மெக்கானிக் வந்து எதையோ தட்டினார், சரியாகிவிட்டது. என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "சும்மா கொஞ்சம் பேசிப் பாத்தேன்" என்கிறார். நல்லா இருக்கட்டும்.

மதியம் தம்பி ஓட்டமும் நடையுமாக வந்தான். ஓட்டல் கம்பெனி ஒப்பந்தம் கிடைத்துவிட்டதாம். மூன்று ஓட்டல்கள். வாரம் ஏழு நாளும் துணி வரும், ஏழு நாளும் போகவேண்டும். இந்தச் சலவைக்கூடத்தை நாங்கள் இருவரும் தொடங்கிப் பதினான்கு வருடம். வெளி வேலை அவனுடையது, உள்ளே நடப்பது என்னுடையது. கையெழுத்து மட்டும் இரண்டு பேருடையதும் வேண்டும்.

ஓட்டல் அதிகாரியும் கூடவே வந்திருந்தார். "வளராத நிறுவனம் செத்த நிறுவனம்" என்றார். நான் பதினாறு வயதில் வளர்வதை நிறுத்தினேன், இன்னும் சாகவில்லை என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

தம்பி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்துத்தான் போட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

எல்லோருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைக்கும் கடைசி ஞாயிறு இது. அடுத்த வாரத்திலிருந்து ஆளுக்கொரு நாள், முறைவைத்து.

வழிபாட்டுக்கூடத்துக்குப் போனேன். கண்ணை மூடினால் எண்ணிக்கைதான் வருகிறது. மூன்று ஓட்டல், அறைக்கு இரண்டு விரிப்பு, நான்கு தலையணை உறை... "கடவுளே" என்று தொடங்கி "இன்னும்" என்று முடிக்கிறேன். இன்னும் என்ன? எனக்கே தெரியவில்லை. வீடு இருக்கிறது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. சாப்பிட்டது செரிக்கிறது. கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் அங்கே கடைசியாக எப்போது உட்கார்ந்தேன்?

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். எங்கள் வேனை ஓட்டுவது அவர்தான். "உனக்குப் பரவாயில்ல. உன் தம்பி கடவுள நேர்ல பாத்தாக்கூட எத்தனை டஜன்னு கேப்பான்" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு பாவமாக இருந்தது.

மார்ச் 17, திங்கள்

புதிய இயந்திரம் வந்து இறங்கியது. கடனில்தான். கூடவே ஒரு வெள்ளைப் பலகையும். மடிப்பு மேசைக்கு எதிரே, எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டச் சொன்னான் தம்பி.

மேசையில் ஆறு பேர். மடித்ததை அவரவர் தள்ளுவண்டியில் அடுக்கவேண்டும். சாயங்காலம் நான் எண்ணிப் பலகையில் எழுதவேண்டும். நானூறுக்கு மேல் போனால் பச்சை, கீழே இருந்தால் சிவப்பு. ஒரு மாதம் தொடர்ந்து சிவப்பில் இருப்பவர்களை மாற்றிவிடலாம் என்றான். "மாற்றிவிடலாம்" என்றால் என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவன் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் நாள் எழுதியது: மின்னல் 655. (அந்தப் பெண்ணின் கை வேகத்துக்கு நாங்கள் வைத்த பெயர்.) நடுவில் மூன்று பேர்: 430, 418, 410. பிள்ளைத்தாச்சிப் பெண் 290. கண்ணாடி அண்ணன் 262.

கண்ணாடி அண்ணன் முதல் நாளிலிருந்து எங்களோடு இருப்பவர். இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. ஓரத்தைத் தடவித் தடவித்தான் மடிப்பார். ஆனால் அவர் மடித்த விரிப்பு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதற்குப் பலகையில் இடம் இல்லை.

சிவப்புப் பேனாவை என் கையால்தான் எடுத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

அண்ணன் எப்போதும்போல வணக்கம் சொன்னார். நான் பாய்லரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். என்ன பிறவி நான்.

மார்ச் 24, திங்கள்

இரண்டாம் நாளிலிருந்தே பலகையில் சிவப்பே இல்லை.

இன்று 415, 412, 411, 410, 409, 408. மின்னல் 412. அண்ணன் 408.

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாக்கா, பலகை மாட்டினதும் வேலை தானா நடக்குது பாரு." நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது பொறி தட்டியது. இந்த ஆறு எண்களைக் கூட்டினேன். பிறகு முதல் நாள் எண்களைக் கூட்டினேன். இரண்டும் 2465. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

அப்படியென்றால் அண்ணனின் கை வேகமாகவில்லை. வேறு என்னவோ நடக்கிறது.

மார்ச் 27, வியாழன்

பார்த்துவிட்டேன்.

தேநீர் இடைவேளை. எல்லோரும் எழுந்தார்கள். மின்னல் தன் வண்டியிலிருந்து ஒரு கட்டு விரிப்பை எடுத்து, போகிற போக்கில் அண்ணன் வண்டியில் வைத்துவிட்டுப் போனாள். நடுவில் உட்காருகிற மூன்று பேரும்கூட, ஆளுக்கு ஐந்தோ பத்தோ, கை போனபடி இங்கும் அங்கும் வைத்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. வீட்டில் தட்டில் குறைந்தால் அம்மா கரண்டியை நீட்டுவாள் இல்லையா, அப்படி.

மின்னலைத் தனியாகக் கூப்பிட்டேன். பயந்துவிட்டாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ரெண்டாவது நாள்ல இருந்துக்கா."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"யாருக்கு எவ்வளவு வைக்கணும்னு யார் முடிவு பண்றது?"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "பாத்தா தெரியுமேக்கா" என்றாள். பிறகு மெதுவாக, "அவர் கண்ணு போனது இங்க நின்னுதானே? சலவைப் பவுடர் ஆவி. எங்களுக்கும் நாளைக்கு அதானே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலாளியம்மா அழுதால் நன்றாகவா இருக்கும்? போய் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன். அவள் இன்றைக்கு வேலை போய்விடும் என்று நினைத்திருப்பாள்.

655 மடிக்கிறவள் 412 என்று எழுதவிடுகிறாள். அதிகம் மடிப்பவருக்கு ஊக்கத்தொகை தருவதாகத் தம்பி சொன்னதும் அவளுக்குத் தெரியும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று எனக்கு வேலை முறை. வழிபாட்டுக்குப் போகவில்லை. ஆனாலும் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அந்த ஆறு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போய்விட்டு வந்ததுபோல்தான் இருந்தது.

பத்து நாளாகத் தம்பியிடம் சொல்லவில்லை. பதினான்கு வருடத்தில் அவனிடம் மறைத்த முதல் விஷயம். குற்ற உணர்ச்சி இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் யாரிடம் என்பதுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

அவனே கண்டுபிடித்துவிட்டான். பலகை மாட்டியும் போகிற துணி கூடவில்லையே என்று ஓட்டல்காரர்கள் கேட்டார்களாம், மேசையைக் கவனித்திருக்கிறான். எனக்கும் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"இது ஏமாத்து வேலைக்கா."

"யாரை ஏமாத்தினாங்க? துணி குறைஞ்சுதா?"

"ஒருத்தர் உழைப்பு இன்னொருத்தர் பேர்ல போகுது. அதுக்குப் பேரு என்ன?"

"அம்மா தன் தட்டுல இருந்து உனக்கு எடுத்து வச்சதுக்குப் பேரு என்ன?"

கதவுவரை போய்த் திரும்பினான். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவி மாட்டப்போகிறானாம். யார் எத்தனை மடித்தார்கள் என்று அதுவே எண்ணும்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கோபம் வடிந்திருந்தது. சட்டை தொளதொளவென்று இருந்தது. எப்போது இவ்வளவு இளைத்தான்?

"நின்னா விழுந்துடுவோம்கா. சைக்கிள் மாதிரி. மிதிச்சுக்கிட்டே இருக்கணும்."

"கால ஊனி நிக்க வேண்டியதுதானே."

"கால் எட்டாதுக்கா. அவ்வளவு பெரிய சைக்கிளா வாங்கிட்டேன்."

இவனைப் போய்ப் பேராசைக்காரன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இவனுக்கு இருப்பது ஆசை இல்லை, பயம். அந்தப் பயத்தை வைத்துத்தான் யார் யாரோ வண்டி ஓட்டுகிறார்கள். அந்த அதிகாரிக்கும் மேலே ஒருவர் பலகை மாட்டியிருப்பார்.

ஏப்ரல் 23, புதன்

எங்கிருந்து தொடங்குவது?

பிள்ளைத்தாச்சிப் பெண் பிரசவ விடுப்பில் போய்விட்டாள். இன்று இன்னொருத்திக்குக் காய்ச்சல். மேசையில் நான்கே பேர். ஆறு மணிக்குள் துணி போகாவிட்டால் அபராதம். நான் இஸ்திரி உருளையை விட்டு நகர முடியாது. தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேசைக்கு வந்தான். ஒரு காலி வண்டியை அவன் பக்கத்தில் தள்ளிவிட்டார்கள்.

பாவம், விரிப்பின் நான்கு மூலையும் அவனுக்கு நான்கு திசையில் போயின. அண்ணன்தான் எட்டிப்பார்த்து, "ஓரத்த விரலால தேடுங்க சார். கண்ணால தேடாதீங்க" என்றார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே மடித்தான். அவன் வழக்கம் அப்படி.

சாயங்காலம் நான் எண்ணினேன். 384, 383, 383, 382, 384. ஐந்தும் சிவப்பு. கடைசி எண் தம்பியுடையது.

பலகையைப் பார்த்தவன் அப்படியே நின்றான்.

"தப்பா எழுதியிருக்கக்கா. நான் மடிச்சது 171."

"வண்டில இருந்ததைத்தான் எழுதினேன்."

மேசைப் பக்கம் திரும்பினான். "யார் வச்சது?"

மின்னல் கைப்பையைத் தேடினாள். கடைசியில் அண்ணன்தான், "உங்க வண்டி காலியா இருந்துச்சு சார். பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார்.

அவ்வளவுதான். துணி வேனில் ஏறியது. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

இவனுக்காக மின்னல் சிவப்புக்கு இறங்கியிருக்கிறாள். இவன்தான் அவளைக் கருவி மாட்டி எண்ணப்போகிறவன். அது அவளுக்கும் தெரியும்.

ஏப்ரல் 24, வியாழன்

தம்பி வரவில்லை. போன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். பலகை சுவரில் இல்லை.

"எனக்கு யாரும் இப்படிக் கொடுத்ததில்லக்கா" என்றான். "கொடுத்தவங்க எல்லாம் எதையாவது எழுதி வாங்கிக்கிட்டுத்தான் கொடுத்தாங்க."

பிறகு இரண்டு பேரும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தோம். எவ்வளவு வந்தால் இங்கே வேலை செய்கிறவர்களின் பதினெட்டுக் குடும்பமும் நாங்களும் கவலை இல்லாமல் சாப்பிடலாம்? இதுவரை நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி. எவ்வளவு வரும் என்றுதான் கேட்டிருக்கிறோம். விடை நாங்கள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

மே 9, வெள்ளி

ஓட்டல் கம்பெனிக்குப் போய்விட்டு வந்தோம். வாரம் ஆறு நாள்தான், ஒரு ஓட்டல்தான் எங்களால் முடியும் என்று தம்பி சொன்னான். அதிகாரி எங்களை நோயாளிகளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நல்ல மனிதர்தான். "நல்லா யோசிச்சீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஒப்பந்தத்தை உடைத்ததற்கு அபராதம் உண்டு. புதிய இயந்திரத்தை நஷ்டத்துக்கு விற்கவேண்டும்.

வெளியே வந்ததும் தம்பி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

மே 12, திங்கள்

எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னோம். ஞாயிறு பாய்லர் அணையும். எங்கள் இருவர் பங்கும் பாதியாகும். கடன் தீரும்வரை யாருக்கும் சம்பளம் உயராது, குறையவும் குறையாது. தீர்ந்தபிறகு லாபத்தில் பாதி எல்லோருக்கும் சமம். கணக்குப் புத்தகம் மேசைமேல் இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம்.

கைதட்டுவார்கள் என்று நினைத்தேனோ என்னவோ. யாரும் தட்டவில்லை. "கடன் எப்பத் தீரும்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

மே 20, செவ்வாய்

நடுவில் உட்காரும் மூன்று பேரில் ஒருவர் விலகுகிறார். ஓட்டல் கம்பெனி புதிதாகப் பிடித்த சலவைக்காரரிடம் போகிறார். அங்கே சம்பளம் அதிகம். "எனக்கு இன்னும் வேணும்கா. ரெண்டு புள்ளைங்க காலேஜ்" என்றார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஏன் குனியவேண்டும்? அவருடைய "இன்னும்" வேறு, என்னுடையது வேறு. நல்லபடியாகப் போய்வாருங்கள் என்றேன். மனதாரச் சொன்னேன். போதும் என்று சொல்ல முடிவதே ஒரு வசதி. எனக்கு அது கிடைத்திருக்கிறது, அதற்கு நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை. கைகூப்பத்தான் வேண்டும்.

ஜூன் 1, ஞாயிறு

வழிபாட்டுக்கூடத்தில் கண்ணை மூடினேன். எண்ணிக்கை ஒன்றும் வரவில்லை. நீ தூங்கிவிட்டாய் என்கிறார் கணவர்.

ஜூன் 30, திங்கள்

புதிய இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். அது இருந்த இடம் பெரிதாகத் தெரிகிறது. ஆவி பரவாமல் அங்கே பெரிய காற்றாடி ஒன்று வைக்கலாம் என்று மின்னல் சொல்கிறாள். இதை முன்பே செய்திருக்கவேண்டும். யார் தடுத்தார்கள்? யாரும் தடுக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 17, வியாழன்

மதியம் அலுவலறையில் தம்பியும் நானும் இருந்தோம். போன் வந்தது. ஊருக்கு வெளியே திறக்கப்போகும் பெரிய ஆஸ்பத்திரி. யாரோ எங்கள் வேலையைப் பற்றி நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆயிரம் படுக்கை. தினமும்.

தம்பி எழுந்து நின்றுகொண்டு பேசினான். நான் ரசீதுகளை அடுக்குவதுபோல் இருந்தேன்.

"இல்ல சார்... ஆள் இருக்காங்க, இடமும் இருக்கு... முடியாதுன்னு சொல்லல சார். எங்களுக்கு இப்ப இருக்கறது சரியா இருக்கு. பக்கத்துத் தெருவுல ஒருத்தர் புதுசா ஆரம்பிச்சிருக்கார், நம்பர் தரட்டுமா?"

நம்பரை நிறுத்தி நிறுத்திச் சொன்னான். போனை வைத்தான்.

"தப்பாச் சொல்லிட்டேனாக்கா?"

"சரியாத்தான்டா சொன்ன."

"அப்புறம் ஏன் இன்னும் மிதிச்சுக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு?"

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.