மூன்றாம் எண் வயர்

ஜூலை 3, திங்கள்

நாற்பத்து மூன்று வயதில் முதல் வகுப்பு. வாசலில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "பேரண்ட்ஸ் எல்லாம் வெளிய உக்காருங்க" என்றாள். பேரண்டும் நான்தான், பிள்ளையும் நான்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் படிப்பு, இரண்டு வருடம். வகுப்பில் முப்பத்தொரு பேர். என்னைத் தவிர எல்லோருக்கும் முட்டி நன்றாக மடங்குகிறது.

போன வெள்ளிக்கிழமை வரை நான் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருடம். இனி ஏணி ஏறினால் முட்டி போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இந்தப் படிப்பு யோசனை வந்தது. என் கட்டடங்கள் ஒன்பதும் இப்போது மச்சினன் கையில். அவனை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவன் நான்தான்.

ஒன்றுதான் பாக்கி. கம்பெனியிலிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்கி, மாதக் கடைசிக்குள் கல்லூரியில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இடம் போய்விடும். நான் விட்டுவந்த லிஃப்ட்டுகளில் ஒரு மாதம் புகார் வராமல் இருந்தால்தான் கடிதம் தருவார்கள். "உங்க வேலைல என்ன புகார் வரப்போகுது?" என்றார் மேனேஜர். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூலை 6, வியாழன்

கை கழுவக் கற்றுக்கொண்டேன். சிரிக்க வேண்டாம் – முழங்கை வரை, ஐந்து நிமிடம். நகக்கண்ணில் பத்தொன்பது வருட கிரீஸ். தேய்த்தும் போகவில்லை. எல்லோரும் என்னை 'அங்கிள்' என்கிறார்கள்.

ஜூலை 11, செவ்வாய்

இன்று எண்ணுவது எப்படி என்று பாடம். சொல்லித் தரும் சிஸ்டருக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. மேஜையில் இருபது பஞ்சுத் துணிகளைப் பரப்பினார். "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எண்ணணும். மூடுறதுக்கு முன்னாடி எண்ணணும். மூடின பிறகும் எண்ணணும். ஒண்ணு குறைஞ்சா யாரும் நகரக் கூடாது."

பக்கத்து பெஞ்சுப் பெண், "கீழ எங்கயாவது விழுந்து கெடக்கலாமே சிஸ்டர்?" என்றாள்.

"கெடக்கலாம். ஆனா கண்ணால பாக்குற வரைக்கும் அது உள்ளதான் இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் விளையாட்டுபோலத்தான் என் பழைய பையைத் திறந்தேன். ஸ்பேனர் சரி. டெஸ்டர் சரி. இரண்டு முனையிலும் கிளிப் வைத்து நானே செய்த சிவப்பு வயர்கள், ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதியவை – நான்கு இருந்தன.

மூன்றாம் எண் இல்லை.

ஜூலை 12, புதன்

பையைத் தலைகீழாகக் கொட்டியும் பார்த்தாயிற்று. இல்லை.

அந்த வயர் என்ன செய்யும் என்று எழுதியே பார்க்கிறேன், மனதுக்குள் வைத்திருந்தால் பெரிதாகிறது. லிஃப்டில் எந்த மாடிக் கதவு திறந்திருந்தாலும் வண்டி நகராது. பழுது பார்க்கும்போது மட்டும் நாங்கள் மேலே மெஷின் ரூமில் அந்த வயரைப் போட்டு, கதவு மூடியிருப்பதாக லிஃப்டை ஏமாற்றுவோம். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால்? ஒன்றும் தெரியாது. லிஃப்ட் சத்தமில்லாமல் அழகாக ஓடும். கதவு திறந்திருந்தாலும் ஓடும்.

கடைசி வாரம் ஒன்பது கட்டடங்களுக்கும் போனேன். எதில் விட்டேன்? எங்கேயாவது கீழே விழுந்து கிடக்கலாம்.

கண்ணால் பார்க்கும் வரை உள்ளேதான் இருக்கிறது.

ஜூலை 15, சனி

மச்சினனிடம் சொன்னேன். கம்பெனிக்குச் சொன்னால் அது புகார் ஆகிவிடும், கடிதம் வராது. அவனுக்கும் கெடுதல், இந்த மாதச் செக்கிங் முடிந்து 'எல்லாம் சரி' என்று அவனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். மெஷின் ரூமுக்குப் போனாயா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"விடுங்க மாமா, ஒரு வயருக்குப் போயி. ஒம்பதையும் நானே ஏறிப் பாத்துடுறேன். நீங்க போய் ஒழுங்காப் படிங்க."

ஜூலை 17, திங்கள்

போனில் கூப்பிட்டான். "ஒம்பதும் பாத்துட்டேன். எதுலயும் இல்ல."

மெஷின் ரூம் ஏறிப் பார்த்தாயா என்று மறுபடி கேட்டேன். "அட, பாத்துட்டேன்னு சொல்றேன்ல!"

ஜூலை 19, புதன்

நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 22, சனி

காலையில் நல்ல மழை. கல்லூரிக்குக் கிளம்ப மழைக்கோட்டை எடுத்து உதறினேன். பாக்கெட்டிலிருந்து ஒரு சாவி விழுந்தது. ஏழு மாடிக் கட்டடத்தின் மெஷின் ரூம் சாவி. அதற்கு வேறு சாவி கிடையாது.

அப்படியானால் அவன் எப்படி ஏறிப் பார்த்தான்?

எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. அன்றும் மழை. மூன்றாவது மாடிக் கதவுப் பூட்டில் கோளாறு. மேலே வயரைப் போட்டு, கீழே வந்து பூட்டை மாற்றி, வயரைக் கழற்றத் திரும்ப மேலே போனேன். கையை வைக்கும்போது போன் அடித்தது. கல்லூரி. 'உங்களுக்கு இடம் கெடச்சிருக்கு சார்.' சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். பேசிக்கொண்டே பூட்டினேன், பேசிக்கொண்டே ஏழு மாடியும் இறங்கினேன். முட்டி வலிக்கவே இல்லை.

அங்கேதான் இருக்கிறது. இனி 'இருக்கலாம்' இல்லை.

ஜூலை 23, ஞாயிறு

பார்த்ததாகப் பொய் சொன்னவனிடம் சாவியைக் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை, நானே போனேன். வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே நோட்டை நீட்டினார். "நீங்க வேலைய விட்டுட்டீங்களாமே! கம்பெனி ஆளத் தவிர யார் மேல போனாலும் எழுதி வாங்கச் சொல்லியிருக்காங்க. பேரெழுதி, என்ன வேலைன்னும் எழுதிட்டுப் போங்க."

என்ன எழுதுவது? பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இன்னும் எட்டு நாளில் கடிதம். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் கேட்டைத் திறக்கப் போன நேரத்தில், மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கும் 'பழுது – உபயோகிக்க வேண்டாம்' பலகையை எடுத்து லிஃப்ட் கதவில் மாட்டிவிட்டு வந்தேன். பெரிய சாமர்த்தியம் செய்ததாக நினைத்துக்கொண்டேன். எட்டு நாள் படியேறினால் யாரும் தேய்ந்துவிட மாட்டார்கள்.

ஜூலை 25, செவ்வாய்

வகுப்பு முடிந்து அந்தத் தெரு வழியாக வந்தேன். பலகை இல்லை. ஒரு அம்மா தள்ளுவண்டியில் குழந்தையை வைத்து லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். கதவு மூடியது. மேலே போனது. சத்தமே இல்லை.

நின்று பார்த்தேன். வேறென்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. எதிர்வரிசையில் நின்று மாடி எண்கள் எரிந்து அணைவதைப் பார்த்தேன். ஐந்தில் நின்றது. திரும்பி நடந்தேன்.

ஆறு நாள்தான். ஆறே நாள்.

ஜூலை 27, வியாழன்

மதியம் ஒரு மணிக்கு வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். மச்சினனை எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்திருக்கிறார்கள்.

நல்லா ஓடுற லிஃப்டுல பலகைய மாட்டினது யாருன்னு குடியிருக்கிறவங்க கம்பெனிக்கு போன் பண்ணியிருக்காங்க. கம்பெனி இவன அனுப்பியிருக்கு. மெஷின் ரூம் சாவி இல்ல. எப்படி இருக்கும்? என் பாக்கெட்லதான இருக்கு! மூணாவது மாடிக் கதவ மெக்கானிக் எல்லாரும் வச்சிருக்கிற கைச்சாவியால தெறந்துட்டு லிஃப்ட் கூரை மேல எறங்கப் போயிருக்கான். கூரை மேல இருக்கிற ஸ்டாப் பட்டன அமுக்கல. கதவு தெறந்திருந்தா வண்டி நகராது – அவனுக்கு அதச் சொல்லிக் குடுத்ததே நான்தான். மேல யாரோ பட்டன அமுக்கிட்டாங்க. ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய.

வலது காலை எடுத்துவிட்டார்கள்.

மாணவர் உடையோடு தியேட்டர் வாசலில் நின்றேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நல்லவேளைங்க, நீங்களாவது அந்த வேலைய விட்டீங்க." கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே எண்ணும் குரல் கேட்டது. சிஸ்டர் வெளியே வந்து, எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார்: "எண்ணிக்கை எல்லாம் சரியா இருக்கு அங்கிள்."

ஜூலை 31, திங்கள்

கடிதம் வந்துவிட்டது. மேனேஜரே கொண்டுவந்து கொடுத்தார். "ஜூலை செக்கிங்ல எல்லாம் சரின்னு அவர் கையெழுத்து இருக்கு. உங்க மேல ஒண்ணும் இல்ல."

கல்லூரியில் கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 2, புதன்

மச்சினன் கண் விழித்துப் பேசுகிறான். மனைவி காபி வாங்கப் போனதும் என்னைப் பக்கத்தில் வரச் சொன்னான்.

"கம்பெனிலேர்ந்து வந்து மெஷின் ரூம் பூட்ட ஒடச்சு உள்ள போனாங்களாம். வயரக் கொண்டுவந்து காட்டினாங்க மாமா. மூணுன்னு உங்க கையெழுத்து."

மனைவி வருகிறாளா என்று கதவைப் பார்த்தேன்.

"என் வயர்னு சொல்லிட்டேன். பாக்காமலே பாத்துட்டேன்னு சொன்னவன்தான நான். உங்களுக்கு லெட்டர் வந்துடுச்சுல்ல?"

வந்துவிட்டது என்று தலையாட்டினேன்.

"அப்ப போய்ப் படிங்க. ஒருத்தனாவது உருப்படட்டும்" என்று சிரிக்கப் பார்த்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

மனைவியிடம் சொன்னேன். வயர், போன், சாவி, பலகை, எல்லாம். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒன்றுதான் கேட்டாள்: "சாவி கெடச்ச சனிக்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

தெரியும்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

வகுப்புக்குப் போகவில்லை. காலை பத்து மணிக்குக் கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் எழுந்து கை கொடுத்தார், படிப்பு எப்படிப் போகிறது என்றார். நான் உட்காரவில்லை. பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். ஒன்று. இரண்டு. நான்கு. ஐந்து. பக்கத்தில் மெஷின் ரூம் சாவி.

அவர் சாவியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு வயர்களைப் பார்த்தார். மெக்கானிக்காக இருந்து மேனேஜர் ஆனவர். விரலால் தொட்டு எண்ணினார்.

"மூணு இல்லையே?" என்றார்.

"அது உங்ககிட்டதான் சார் இருக்கு" என்றேன்.