எட்டு இஞ்சு வைஸும் இன்னொருத்தர் எழுத்தும்

எதிலும் என்னை முந்திக்கொண்டே பழகிய என் கோவிந்தன் மச்சானுக்கு,

கட்டிலில் காலை நீட்டி, தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இடது கால் பெருவிரல் எலும்பில் விரிசல். சுற்றியிருப்பது சத்திரப்பட்டிக் கட்டுத்துணி, உன் கடைச் சரக்குதான். ஸ்டாண்டு போடும்போது வண்டி சாய்ந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு உண்மையைச் சொல்கிறேன். கூட நாலு பேர் காதில் விழுந்தால் விழட்டும்.

முதலில் உன் வீட்டு நிலவரம். உன் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாளே உன் வீட்டுக்காரி மல்லிகா தங்கச்சி மருந்துக்கடையைத் திறந்துவிட்டாள். பார்மஸி படித்தவள் அவள், லைசென்சும் அவள் பேரில். நீ கல்லாவில் உட்கார்ந்து கதை பேசினவன்தானே. கடை உன் காலத்தைவிட ஒழுங்காக நடக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

நாம் இருவரும் மெக்கானிக்கும் இல்லை, பிட்டரும் இல்லை. நீ ராஜபாளையத்தில் மருந்து விற்றாய், நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் டூவீலர் ஸ்பேர்ஸ் விற்கிறேன். ஆனாலும் எங்கேயாவது ஒரு பழைய வைஸ் கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் இருவருக்கும் சோறு இறங்காது. பட்டறை மேசையில் பூட்டி, கைப்பிடியைத் திருகி, இரும்பைத் தாடையில் கவ்வ வைக்கிற அந்தக் கனத்த சாமானில் அப்படி என்னதான் இருக்கிறது என்று என் வீட்டுச் செண்பகம் இன்றுவரை கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரிந்ததில்லை. நீதான் சொல்வாய்: "துருப் புடிச்சு இறுகிக் கெடந்தது ஒருநா காலைல சுத்துதுல்லா தங்கச்சி, அதுக்கு மேல மனுசனுக்கு என்ன வேணும்?"

அதுவும் உன் கையில்தான் சுற்றும். நான் ஒரு வாரம் டீசலில் ஊறப்போட்டு, சூடு காட்டி, மரச்சுத்தியலால் தட்டி, ஆண்டாளுக்கு மாலை வாங்கிப் போடுவதாக வேண்டிக்கொண்டு நிற்பேன். அசையாது. நீ வந்து ஊசி போடுகிற சிரிஞ்சில் எண்ணெயை ஏற்றி, திருகின் இடுக்கில் ரெண்டு சொட்டு விடுவாய். செண்பகம் கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு வந்து ஒரு திருகு திருகுவாய், சுற்றும். ஒரு வாரம் பாடுபட்டவனை விட்டுவிட்டு, "அண்ணனுக்குக் கைராசி" என்று என் வீட்டிலேயே உனக்குப் பெயர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும் மச்சான். வெளியே சிரித்துக்கொண்டு நிற்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த எட்டு இஞ்சு வைஸ். மூடிப்போன ஜின்னிங் பாக்டரியிலிருந்து ராஜபாளையத்துக் காயலான் கடைக்கு வந்த சீமைச் சரக்கு. ரேடியேட்டர் குவியலுக்கு அடியில் அதன் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தது யார்? நான். பார்த்த வாய் சும்மா இருந்ததா? உன் கடைக்கு வந்து வடையைத் தின்றுகொண்டே உளறிவிட்டேன். சாயங்காலம் லோடு ஆட்டோ பிடித்துக்கொண்டு போனால், இடம் காலி. நீ மத்தியானமே ஸ்கூட்டரில், காலுக்கு நடுவில் வைத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டாய். கேட்டதற்கு, "கண்ணு வச்சவனுக்கு இல்ல மச்சான், கை வச்சவனுக்குத்தான்" என்றாய்.

அந்தக் கோபத்தில்தான் அதை நீ கழற்றிச் சுத்தம் செய்தபோது நான் வரவில்லை. மூன்று மாதம் போனைக்கூட எடுக்கவில்லை. ஆவணியில் நீயே பஸ் ஏறி வந்து, ஒன்றும் நடக்காததுபோல, "மதியத்துக்கு என்ன குழம்பு?" என்று கேட்டாய். அதோடு சரியாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

உன் சாவு வீட்டில் வேப்பமரத்தடியில் ஒரு மனிதர் நின்று அழுதுகொண்டிருந்தார். வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். மல்லிகா எல்லாரையும் விட்டுவிட்டு அவரிடம் போய், "போன வாரங்கூட ஒங்களப் பாக்கணும்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாக" என்று சொல்லி அழுதாள். விசாரித்தேன். பெயர் பொன்னுச்சாமி, ஊர் வத்திராயிருப்புப் பக்கம் வ. புதுப்பட்டி, தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். அவரும் வைஸ் பைத்தியம்தானாம்.

வத்திராயிருப்புப் பக்கம் மருந்து ஆர்டருக்குப் போகிறேன் என்று மாதாமாதம் நீ சொன்னது இதுதானா? பாடையைத் தூக்கும்போது எனக்கு அழுகை வரவில்லை மச்சான். இவர் யார், இவர் எப்படி என்னைவிட அதிகமாக அழலாம் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் நிஜம்.

போன வாரம் மல்லிகா கூப்பிட்டாள். கொல்லை அறையில் நீ சேர்த்த வைஸ்களை எடுத்துவிட்டு மருந்துப் பெட்டி அடுக்க வேண்டுமாம். "அண்ணே, மொதல்ல நீங்க வந்து ஒண்ண எடுத்துக்கிடுங்க. மிச்சத்தப் பொறவு பாத்துக்கிடலாம்" என்றாள். எதை எடுப்பேன் என்று உனக்குத் தெரியாதா? ரெண்டு ஆள் பிடித்துத் தூக்கி, எட்டு இஞ்சை லோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். வழி நெடுக அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே வந்தேன்.

வந்ததும் செய்த முதல் வேலை, தாடையின் முகப்புத் தகட்டைக் கழற்றியது. அந்தத் தகட்டுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஆங்கில எழுத்துப் பஞ்ச் வைத்து நம் எழுத்தைக் குத்துவது நம் வழக்கம். சொந்தக்காரன் எழுத்து முதலில், கூடமாட வேலை செய்தவன் எழுத்து பக்கத்தில். என் வைஸ்களில் எஸ், ஜி. உன்னுடையவற்றில் ஜி, எஸ். இதில் நான் வேலை செய்யாததால் ஜி மட்டும் தனியாக இருக்கும், அதன் பக்கத்தில் இப்போதாவது என் எழுத்தைக் குத்திவிடலாம் என்று பஞ்சும் சுத்தியலும் எடுத்து வைத்துக்கொண்டுதான் கழற்றினேன்.

ஜிக்குப் பக்கத்தில் பி இருந்தது. கோணல் இல்லாமல், ஆழமாக, அழகாகக் குத்தியிருந்தது.

பி என்றால் பொன்னுச்சாமி. அந்த வழக்கம் நமக்குள் மட்டும் உள்ளது என்றல்லவா நான் நினைத்திருந்தேன்? அதையும் போய் அந்த ஆளிடம் சொன்னாயா? நான் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மூன்று மாதத்தில் என் இடத்தில் ஆள் போட்டுவிட்டாயா?

இதற்கு மேல்தான் கூத்து. தகட்டில் இருப்பது போதாதென்று, உள்ளே வேறு எங்கெல்லாம் அந்த எழுத்து இருக்கிறது என்று பார்க்க ஆவேசம் வந்துவிட்டது. கைப்பிடியைச் சுற்று சுற்றென்று சுற்றினேன். திருகின் மரை முடிந்தால் முன்தாடை கழன்று விழும், அடியில் கட்டை கொடுக்காமல் சுற்றாதே என்று கடைக்கு வருகிற சின்னப் பயல்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான். கட்டை கொடுக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே சுற்றினேன். தாடை கழன்று நேரே என் காலில் விழுந்தது. உள்ளே எழுத்தும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

செண்பகம் ஓடி வந்து பார்த்தாள். காலைப் பார்த்தாள், எழுத்துப் பஞ்சைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள். "செத்துப்போன மனுசன்கூட என்ன சண்டை ஒங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு ஆட்டோவுக்குப் போன் போட்டாள்.

நேற்றுக் காலையில் வாசலில் மொபெட் சத்தம். "அண்ணாச்சி இருக்காகளா?" என்று குரல். பார்த்தால் அதே பொன்னுச்சாமி, ஒரு குலை இளநீரோடு. மல்லிகா சொல்லியிருக்கிறாள். படுத்திருக்கிறவன் எழுந்து ஓடவா முடியும், வாங்க என்றேன்.

உட்கார்ந்தவர் என் காலைப் பார்த்தார். மூலையில் கிடந்த வைஸையும் தனியாகக் கிடந்த தாடையையும் பார்த்தார். வண்டி சாய்ந்த கதையை நான் ஆரம்பிக்கும் முன்பே, "கட்டை குடுக்காம சுத்திட்டீகளோ?" என்றார். "நானும் ஒருக்கப் போட்டிருக்கேன் அண்ணாச்சி. நல்லவேளை, காலு தப்பிச்சு. கோவிந்தண்ணே அன்னைக்கு ஏசுன ஏச்சு இன்னும் காதுல கேக்கு."

என்னையும் நீ அப்படி ஏசியிருக்கிறாய். அதுகூட எனக்கு மட்டும் இல்லை போல.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். "அவன் எதுக்குய்யா மாசாமாசம் ஒங்க ஊருக்கு வந்தான்?"

அவர் துண்டை மடித்தார், பிரித்தார். "அந்த எட்டு இஞ்ச எங்க மோட்டார் ரூம்ல வச்சுத்தான் கழட்டுனோம். தூக்கி வைக்கயில அவியளுக்கு நெஞ்சப் புடிச்சிக்கிட்டு. அதான் மொத வலி. நாந்தான் வண்டில வச்சு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனேன். அதுக்குப் பொறவு மாசம் ஒருக்க டாக்டரப் பாக்கக் கூட்டிட்டுப் போவேன். பாத்துட்டு எங்க தோப்புல செத்த நேரம் படுத்துக் கெடப்பாக. சாயங்காலம் பஸ்ஸேத்தி விடுவேன்."

மல்லிகாவுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கோ புதுப்பட்டியில் இருக்கிற இவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. சட்டைப்பையில் மாத்திரை அட்டையோடுதான் என் எதிரில் உட்கார்ந்திருப்பாய். மருந்துக்கடைக்காரன் பையில் மாத்திரை இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? எல்லாவற்றிலும் முந்தினவன் இதிலும் என்னை ஏமாற்றிவிட்டாயே.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன் அண்ணாச்சி. ஸ்ரீவில்லிபுத்தூர் அண்ணாச்சிகிட்டச் சொல்லிருங்கன்னு எம்புட்டோ சொன்னேன். அதுக்கு அவிய, 'வேண்டாம்யா. தெரிஞ்சா அவன் பாவம் பாக்க ஆரம்பிச்சிருவான். நல்ல வைஸக் கண்டா நீயே எடுத்துக்கோம்பான். அவன் என்னையப் பாத்து வயிறு எரியிற மட்டுந்தான் எனக்கு ஒண்ணுமில்லன்னு நானே நம்பிக்கிட்டு இருக்க முடியும்'னாக."

செண்பகம் கொண்டுவந்த காப்பியை ஸ்டூலில் வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டாள்.

பொன்னுச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தப்பா எடுத்துக்கிடாதிய. ஒங்கள நெனச்சா எனக்குப் பொசுபொசுன்னு வரும். எங்கிட்ட அவிய எல்லாத்தையும் சொன்னாக, சரி. ஆனா ஒருநாளும் எங்கூடப் போட்டி போட்டதில்ல. எதக் கேட்டாலும் 'எடுத்துக்கய்யா, எடுத்துக்கய்யா'தான். ஒங்ககிட்டருந்து ஒரு சாமானத் தட்டிட்டு வந்துட்டா மட்டும் அந்த மூஞ்சியப் பாக்கணுமே. கல்யாண மாப்பிள்ளதான்."

அவர் வயிறு எரிய எரிய எனக்குக் கொஞ்சம் குளிர்ந்தது, மறைக்க மாட்டேன். ஆனாலும் உன்னை வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவர். தோப்பில் நீ படுத்திருந்தபோது பக்கத்தில் இருந்தது அவர். அதை எப்படி நான் பொறுப்பேன்? நீ ஏன் என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வலிக்கிறது மச்சான் என்று சொல்லவில்லை?

கிளம்பும்போது பேச்சுவாக்கில் வாய் விட்டுவிட்டார். கூமாப்பட்டியில் ஒரு பழைய ரைஸ் மில்லைப் பிரிக்கிறார்களாம். உள்ளே கால் வைத்த பழங்கால வைஸ் ஒன்று கிடக்கிறதாம், கொல்லன் பட்டறையில் வைப்பார்களே, அந்த ரகம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறாராம். எனக்குக் கால்வலி போன இடம் தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். முகம் இளகிவிட்டது. "சரி விடுங்க அண்ணாச்சி. நான் போகல. காலு ஆறுனப்பொறவு நீங்களே போயி எடுத்துக்கிடுங்க" என்றார்.

மச்சான், அந்த ஒரு வார்த்தை என்னைச் சாய்த்துவிட்டது. நல்ல மனதோடுதான் சொன்னார், தெரியும். ஆனால் அவர் அதைச் சொன்ன மாத்திரத்தில் நான் நோயாளி ஆகிவிட்டேன், கிழவன் ஆகிவிட்டேன், இனி எழுந்திருக்க மாட்டாதவன் ஆகிவிட்டேன். இதற்கா நீ பயந்தாய்? இதை என் வாயிலிருந்து கேட்கக் கூடாதென்றா அத்தனை நாள் வலியை முழுங்கிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து சிரித்தாய்?

"யோவ், ஒழுங்கா ஞாயித்துக்கெழம போயிச் சேரும்" என்றேன். "நான் அதுக்கு முந்தி அங்க நிக்கேனா இல்லையான்னு பாரும்." அவர் திகைத்துப்போய் நின்றார். பிறகு முகம் முழுக்கச் சிரித்தார். "பாப்போம் அண்ணாச்சி. எனக்கு அது கூப்புடு தூரம்" என்று மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

உன் எட்டு இஞ்சை அவருக்குக் கொடுத்துவிடலாமே என்று செண்பகம் சொல்கிறாள். கொடுக்க மாட்டேன். அவரும் கேட்கவில்லை, கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும், பாவம் கோவிந்தன், போகிற வயசா என்கிறார்கள். நான் ஒரு நாளும் உன்னைப் பாவம் என்று சொல்ல மாட்டேன். அழுகை வந்தால் அழுவேன், ஆனால் பொறாமையில்தான் அழுவேன். நீ எங்கே இருந்தாலும், உனக்கு ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டிரு.

கூமாப்பட்டிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருக்கும்,
உன் மச்சான்
சுந்தரம்
ஸ்ரீவில்லிபுத்தூர்