மூன்று மடிப்புக்கு மேல் கிடையாது

என் பிரியமுள்ள காதர் மச்சான்,

எழுதுவது நான்தான், முனுசாமி. யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. நீ போன பிறகு சாயங்காலப் பொழுது நகராமல், பள்ளிக்கூடத்தில் நடக்கும் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வல்லம் பஸ் எது என்று நான் யாரையும் கேட்பதில்லை. நானே படித்து, கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். ஒரு வரி எழுத ஒரு பீடி நேரம் ஆகிறது. இருந்தாலும் என்ன சந்தோஷம் தெரியுமா?

முதல் கடிதத்திலேயே உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது. அதுதான் வருத்தம்.

டாக்டர் நம் இருவரையும் ஒன்றாகப் பார்த்து, மார்பு பலவீனம், கொழுப்பு ஆகாது என்றார். கலோரி என்று ஏதோ கணக்குச் சொன்னார். வெளியே வந்ததும், "இன்னா மச்சான் அது கலோரி?" என்று கேட்டேன்.

"துன்றது உடம்புல எவ்ளோ எரியுதோ அந்தக் கணக்கு. உனக்கு அது ஏறாது. மடிப்புல சொல்றேன் கேளு" என்றாய்.

பாண்டிச்சேரியில் ரொட்டிக்கடை வேலை கற்றுவந்தவன் நீ. மைதாவைத் தேய்த்து, டால்டா பூசி, மடித்து, மறுபடி தேய்த்துப் பூசி மடித்தால்தான் உன் பப்ஸ் அடுக்கடுக்காக உப்பும். மடிப்பு ஏறினால் டால்டா ஏறும். கலோரியும் ஏறும்.

"கடைக்கு வர்றவனுக்கு வழக்கம்போல. நம்ம ரெண்டு பேருக்கும் மூணு மடிப்புக்கு மேல கெடையாது. மீறுனா என் மூஞ்சில முழிக்காத" என்றாய்.

அன்று முதல் நாலு மணி டீக்கு நமக்குத் தனித் தட்டு. "லேசா இருக்குதில்ல?" என்று நீ கேட்பாய். "செருப்புகூட லேசாத்தான் இருக்குது" என்பேன். ஆனாலும் மென்றேன். மேல்சித்தாமூரில் ஒரு கல்யாணப் பந்தியில் நெய் ஒழுகும் பலகாரம் இலையில் விழுந்தது. கை நீண்டது. நான் தின்றால் நீயும் தின்பாய், தின்றால் செத்துப்போவாய் என்று நினைத்து இலையை மூடிவிட்டேன்.

பங்குனியில் நீ அடுப்படியிலேயே சாய்ந்தபோது, இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் போய்விட்டாயே என்று அழுதேன்.

உன் வீட்டுக்காரி பாத்திமா தங்கச்சி நாலு மாதம் பத்து நாள் உள்ளேயே இருந்து, உனக்கான இத்தா முடிந்து வெளியே வந்ததும் பார்க்கப் போனேன். நன்றாக உப்பிய பப்ஸைத் தட்டில் வைத்தாள். எனக்கு ஆகாது என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு சாப்டுங்கண்ணே. காலையில மொத ஈடு வெந்ததும் அவரு ரெண்டு துன்னுட்டுத்தான் கடையத் தொறப்பாரு."

"டாக்டர் சொன்ன பொறவுமா?"

"ஒரு நாளும் வுட்டதில்ல. நான் கத்துவேன். முனுசாமிகிட்ட சொல்லிடாத, அவனும் கெட்டுடுவான்னு சிரிப்பாரு. நான் புடிச்சி நிறுத்தியிருந்தா இருந்திருப்பாராண்ணே?"

"வயசாயிடுச்சி தங்கச்சி, அவ்ளோதான்" என்றேன். அது அவளுக்காகச் சொன்ன பொய். உனக்கு அந்தச் சலுகை கிடையாது.

அந்தச் செருப்பை நான் எனக்காகவா மென்றேன்? பெண்டாட்டியும் போன பிறகு எனக்கு எதற்கு மச்சான் கலோரிக் கணக்கு? உன்னைக் காப்பாற்றுகிறேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் வயிறு நிறையத் தின்றுவிட்டு, நாலு மணிக்கு எதிரே உட்கார்ந்து என்னோடு சேர்ந்து முகம் சுளித்தாயே, எப்படி முடிந்தது? நான் இருக்க வேண்டும், நீ போகலாம் என்று தீர்மானிக்க நீ யார்? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

தங்கச்சி வைத்த பப்ஸை நான் தொடவில்லை. நேற்று உன் மகன் அன்வரிடம், எனக்கு மட்டும் பழையபடி மூன்று மடிப்பில் போடச் சொன்னேன்.

"இனிமே யாருக்காக மாமா இது?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

நான் உயிரோடு இருக்கத்தானே ஏமாற்றினாய்? இருக்கிறேன். தினமும் அதையே மென்று, அங்கே நீ தனியாக உட்கார்ந்து சலித்துப்போகும்வரை இருக்கிறேன். முனுசாமி சீக்கிரம் வந்துவிடுவான் என்று வழி பார்க்காதே. இது சத்தியம்.

இப்படிக்கு,
உன்னோடு பேச்சை நிறுத்திவிட்ட
உன் மச்சான் முனுசாமி