ருசிப் புத்தகத்தில் ஆறு கையெழுத்து

நெய்வேலி
13-6-82, ஞாயிறு

அன்பு மகள் சந்திராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பிலாயில் உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல். ஏழாம் மாதம், மாடிப்படி அதிகம் ஏறாதே. உன் ஆவணிப் பிரசவத்துக்கு அம்மா இப்போதே பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து அடுக்கிவிட்டாள், என் நல்ல வேட்டி ஒன்றும் அதில் போய்விட்டது.

எங்கள் கோடவுனில் லோடு தூக்குகிறவர்களுக்கு நல்ல சாப்பாடு வேண்டும் என்று மூன்று வருடமாக நான் மனு எழுதியது உனக்குத் தெரியும். ஆறின சோறு, தண்ணீர் சாம்பார், அதையும் மரப்பெட்டிகளுக்கு நடுவே குந்தித் தின்ன வேண்டும். ஒருவழியாகச் சித்திரையில் மேஜை பெஞ்சு வந்தது, சூடான சோறு, கீரை, மோர் எல்லாம் வந்தது. கூடவே ஒரு ஏற்பாடும் வந்தது. தினமும் பதினொரு மணிக்கு ஒருவர் கான்டீனுக்குப் போய் ஒரு வாய் தின்று பார்த்து, ருசிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டால்தான் பாத்திரம் வண்டியில் ஏறும். மனு எழுதினது நீங்கதானே, நீங்களே பாருங்க என்று அதை என் தலையில் கட்டினார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

போன வாரம் ஸ்டாக் எடுக்கும் வாரம், இடத்தைவிட்டு நகர முடியாது. திங்கட்கிழமையே சனி வரைக்கும் ஆறு கையெழுத்தையும் ஒரே மூச்சில் போட்டுக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை வந்த தயிர்சாதம் கெட்டிருந்தது. பதினோரு பேருக்கு வாந்தி பேதி. பரிமாறிய பெரியண்ணன் என்கிறவன், பாவம் கான்ட்ராக்ட் ஆள், இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பார்க்கப் போனேன். வாசனை கொஞ்சம் மாறித்தான் இருந்துச்சுங்க, சார் ருசி பார்த்துட்டாரு, பயப்படாம துன்னுங்கடான்னு சொல்லிக்கினே நான்தான் எல்லாருக்கும் போட்டேங்க என்றான். குறையாகக்கூடச் சொல்லவில்லையம்மா. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சாப்பாட்டு கான்ட்ராக்டர் வேலுமணி ஆள் அனுப்பினார். தின்று பார்த்தேன், நன்றாக இருந்தது என்று மட்டும் நான் சொன்னால் போதுமாம், பெரியண்ணன் பாத்திரத்தை வெயிலில் வைத்துவிட்டான் என்று கதையை முடித்துவிடுவாராம். அப்படிச் சொன்னால் அவன் வேலை அன்றைக்கே போகும். தின்னாமல் போட்டேன் என்றால் என் வேலை போகலாம், ரிட்டயர் ஆக ஏழே மாதம் இருக்கிறது. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னா பிள்ளை பெற வர்றவளை எங்கே கொண்டுபோய் வைப்பீங்க என்று அம்மா அழுகிறாள். அவள் கேட்பதும் நியாயம்தான். எந்தப் பக்கமும் நகர முடியாமல் மாட்டிக்கொண்டேன் சந்திரா, பயமாகவும் இருக்கிறது.

நாளை பத்து மணிக்கு விசாரணை. காலையில் ஒன்று நினைக்கிறேன், மத்தியானம் வேறொன்று நினைக்கிறேன். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நான் தின்னாமல்தான் கையெழுத்துப் போட்டேன். இது உனக்குத் தெரிந்த பிறகு நாளைக்கு நான் வேறு மாதிரி பேச முடியாதல்லவா. கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துதான் சாப்பிட உட்காருவேன்.

தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க இரண்டு பேருடைய ஆசீர்வாதமும். மாத்திரையை மறக்காதே.

இதையாவது முழுதும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும்
உன் அப்பா
சங்கரலிங்கம்