மாத வாடகைக்கு ஒரு குரல்

மார்ச் 4, திங்கள்

காலையில் கடையில் ரொட்டி கேட்கப் போனைத் திறந்தேன். அது பேசவில்லை. திரையில் ஓர் அறிவிப்பு மட்டும் வந்து நின்றது. இனிமேல் மாதச் சந்தாவாம். கட்டாதவர்களுக்கு ஐந்து வாக்கியத்துக்கு ஒரு விளம்பரம்.

போன வருசம் தொண்டையில் புற்று என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு வாங்கிய செயலி இது. நான் தட்டுவதைத் தமிழில் பேசும். ஒரு தடவை பணம் கட்டினால் ஆயுசு முழுக்க என்று போட்டிருந்தது. யாருடைய ஆயுசு என்று நான் கேட்கவில்லை.

பஸ் டிப்போவில் ஸ்பானர் பிடித்துச் சம்பாதித்தவன் நான். வாங்கிய ஸ்பானர் என்னுடையது. செய்தவன் மாதாமாதம் வாசலில் வந்து வாடகை கேட்டதில்லை.

கட்டப்போவதில்லை. வசதி இல்லாமல் இல்லை. கட்டக் கூடாது என்றுதான்.

மார்ச் 7

இன்றைய விளம்பரங்கள்: ஷாம்பு, மசாலாத் தூள், மறுபடி ஷாம்பு. சரளாவுக்கு ஒரே சிரிப்பு. "ஏங்க, உங்கள விட அது நல்லா பேசுது." கட்டிய மனைவியின் தீர்ப்பு.

மார்ச் 16, சனி

சிலிம் ரிவர் ஊருக்குப் போய் வந்தோம். ராமையா அண்ணன் இறந்துவிட்டார். தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

அவர் மனைவி பாப்பா அக்காவிடம் சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே தட்டி வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து போனை அழுத்தினேன். அக்கா, அண்ணன் மாதிரி ஒரு மனுசன் இனிமேல் கிடைக்க மாட்டார் — அப்படியே சொல்லிக்கொண்டு வந்தது. அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசி வாக்கியத்துக்கு முன்னால் போனுக்குள்ளிருந்து விளம்பரப் பெண் ஒருத்தி மலாயில் கத்தினாள்: "ஜோம் மாயின்!" வா விளையாடலாம் என்று. கூடவே பாட்டும் காசு கொட்டுகிற சத்தமும்.

திரையெல்லாம் தட்டிப் பார்த்தேன். நிறுத்துகிற இடம் அகப்படவில்லை.

பின்னாலிருந்து யாரோ, "யாருலா அது? எழவு வீட்டுல கேம் விளையாடுறது? மூடுலா!"

மூடிவிட்டேன். மூடிய பிறகு எதை வைத்து விளக்கம் சொல்வது? சரளாதான் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள். கடைசி வாக்கியம் அக்காவுக்குப் போய்ச் சேரவில்லை.

மார்ச் 18

புந்தோங்கில் ரூபனின் போன் கடைக்குப் போனேன். டிப்போ காலத்துச் சிநேகிதன்.

"முன்னாடியே வந்திருக்கலாம்ல மச்சான். இதுக்கெல்லாமா காசு கட்டுவாங்க? கிராக் போட்டுத் தாரேன்லா."

வாங்கி வைத்த தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டான். கம்பெனிக்குத் தெரியாமல் பூட்டை உடைத்த பதிப்பு. விளம்பரம் போச்சு.

எங்கள் வீட்டு டிவியோடு மாட்டிய பெட்டியும் அவன் போட்டுக் கொடுத்ததுதான். படம், பாட்டு, பந்து விளையாட்டு — எதற்கும் நான் பணம் கட்டியதில்லை. அதைப் பற்றி யோசித்ததும் இல்லை. இன்று திரும்பி வருகிற வழியில் கொஞ்சம் யோசித்தேன். இந்தக் குரல் யாரோ ஓர் ஆளுடையது. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக வாசித்திருப்பான். இப்போது எனக்காக மீன் விலை கேட்கிறான். சந்தாவில் அவனுக்கு ஏதாவது போகுமா? இல்லை, அன்றைக்கே ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்களா? தெரிந்தால் முடிவு செய்வது சுலபம்.

ஏப்ரல் 11

நன்றாக வேலை செய்கிறது. எழுத வேறொன்றும் இல்லை.

மே 5, ஞாயிறு

வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் சரளா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். சத்தம் கேட்டு ஓடினேன். தலையில் ரத்தம். கண் மூடியிருந்தது. கூப்பிட்டேன் — எங்கே கூப்பிட்டேன், உலுக்கினேன். அசையவில்லை.

அவளுடைய போனில் ஆம்புலன்ஸுக்கு 999 அடித்து, அதன் பக்கத்தில் என் போனை வைத்துத் தட்டினேன். என் போன் பேசவில்லை. இந்தப் பதிப்பு இனிச் செல்லாது என்று எழுத்து வந்தது. மறுபடி தட்டினேன். அதே எழுத்து. அந்தப் பக்கம் "ஹலோ? ஹலோ?" என்கிறார்கள். ஐயோ, ஒரு சத்தம்கூட போட முடியலையே. மூச்செல்லாம் கழுத்து ஓட்டை வழியா போயிடுதே.

இரண்டு போனையும் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டுக் கேட்டைக் கல்லால் தட்டினேன். கஸ்பார் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டே வந்தான். "என்னண்ணே? யாருக்கு?" கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பார்த்ததும் காரை எடுத்தான்.

பாதி வழியில் சரளா கண்ணைத் திறந்து, "அடுப்ப அணைச்சீங்களா?" என்றாள்.

மண்டையில் தையல். மணிக்கட்டு முறிவு. மற்றபடி பயமில்லை என்றார் டாக்டர்.

மே 6

கோலாலம்பூரிலிருந்து மகள் தினேஸ்வரி வந்தாள். என் போனை வாங்கினாள். செயலியைப் புதிதாக ஏற்றி, என்னைக் கேட்காமலே ஒரு வருசச் சந்தாவைக் கட்டிவிட்டாள்.

இது கொள்ளை என்று தட்டினேன். இன்றைக்குக் கட்டினால் நாளைக்கு இன்னும் கேட்பான் என்றும் தட்டினேன்.

"கேக்கட்டும். அப்ப நான் பாத்துக்கிறேன். அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா என்னாப்பா பண்ணியிருப்பீங்க?"

என் கோபம் மொத்தத்தையும் தட்டினேன். அது செய்தி வாசிப்பதுபோல வாசித்தது. அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொள்ளை என்பதில் இப்போதும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என் கருத்து சரியாக இருந்து நேற்று என்ன ஆயிற்று? கஸ்பார் வீட்டில் இல்லாமல் போயிருந்தால்?

மே 20

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி. ஆபரேஷன் முடிந்த உடனேயே வரச் சொன்னார்கள், நான்தான் போகவில்லை. காற்றை விழுங்கி, ஏப்பமாக மேலே கொண்டுவந்து, அதிலேயே சொல்லைச் சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் ஏப்பம் விடுவதைவிடச் செயலி கௌரவம் என்று இருந்துவிட்டேன்.

பயிற்சி கொடுப்பவர் ஜோவான் என்கிற பெண். "அழகா வர வேணாம் அங்கிள். கேட்டா போதும்."

ஜூன் 2

ஏப்பம் வருகிறது. சொல் வரவில்லை.

ஜூன் 19

"பா." ஒரே ஒரு தடவை. அப்புறம் வயிற்று வலிதான் மிச்சம்.

ஜூலை 8

சரளாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. அவள் சமையலறையில் இருந்தபோது பின்னால் நின்று பெயரைச் சொல்லிப் பார்த்தேன். பாதிதான் வந்தது.

திரும்பாமலே, "கேட்டுல யாரோ நிக்கிறாங்க, என்னான்னு பாருங்க" என்றாள்.

மறுபடி சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். என் வாயையே பார்த்தாள். அடுப்பில் கருகுகிற வாசனை வந்த பிறகுதான் நகர்ந்தாள்.

செப்டம்பர் 14, சனி

வங்கிக்கும் கோயில் கூட்டத்துக்கும் செயலிதான். ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் எனக்குத் தாங்காது. சந்தா ஓடுகிறது.

மாலை தினேஸ்வரிக்குப் போன் அடித்தேன். இவ்வளவு நாளும் அவளுக்கு எழுத்தில் அனுப்புவதோடு சரி.

"சொல்லுங்கம்மா. என்ன, அப்பா போன்லேர்ந்து அடிக்கிறீங்க?"

காற்றை விழுங்கினேன். "அப்பா."

லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். குரல் சரியாக இல்லை.

"தோசை."

"என்னா தோசைப்பா?"

வெங்காயம் என்று சொல்லி முடிக்க மூன்று தடவை விழுங்க வேண்டியிருந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை.