நர்ஸ் வீட்டுக் காய்ச்சல்

கள்ளிக்குப்பம்,
ஞாயிறு

அன்பு மகன் உதயாவுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம், ஆனால் நடுவில் நலமாக இல்லை, போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். அப்பாவுக்கு வெறும் ஜலதோஷம் என்று நான் சொன்னது பொய். மலேரியா. இப்போது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார், உப்பில்லை என்று குறையும் சொல்கிறார், பயப்படாதே.

திருமழிசையில் அப்பா வாட்ச்மேனாக இருக்கிற கட்டிடத்தில் லிஃப்ட் குழியில் தண்ணீர் தேங்கிக் கொசு மொய்க்கிறதாம். காய்ச்சலோடு வந்தார். வழக்கம்போல் என் கைப்பையிலிருந்து மாத்திரை கொடுத்தேன். மறுநாள் மீன் குழம்பு கேட்டுச் சாப்பிட்டார், அதற்கு அடுத்த நாள் கட்டில் ஆட நடுங்கினார், இப்படியே விட்டு விட்டு வந்தது. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் என்று யார் வந்தாலும் முதலில் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வா என்று விரட்டுகிறவள் நான், நம் வீட்டில் மட்டும் எனக்கு அது தோன்றவில்லை. வீடு வீடாகக் காய்ச்சல் விசாரிக்கிற ரோஷினி வந்து விரலில் ஒரு சொட்டு ரத்தம் கேட்டாள். அப்பா, "ஊட்லயே நர்ஸ் கீறா, எனக்கு இன்னாத்துக்கும்மா டெஸ்ட்டு" என்று அனுப்பிவிட்டார். நான் சமையலறையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் உதயா. பெருமையாக இருந்தது.

கண் மஞ்சளாகி, என்னையே யார் என்று கேட்ட பிறகுதான் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினேன். எங்கள் சுகாதார நிலையத்தில் டெஸ்ட் கிட் இருந்தது, மருந்து இருந்தது, லேப் ரேஷ்மா கொஞ்ச நேரத்தில் மலேரியா என்று சொல்லிவிட்டாள், அங்கிருந்தே ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எல்லாம் தயாராகத்தான் இருந்தது, நான்தான் கூட்டிப் போகவில்லை. டாக்டரம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை, உங்களுக்குப் போய் நான் என்ன சொல்வது சிஸ்டர் என்றார். அப்பாவோ பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் என்னால்தான் பிழைத்தேன் என்கிறார். அந்த இடத்தில் என்னால் நிற்க முடியவில்லை.

நீ கிளம்பும்போது உன் பெட்டியில் நான் மாத்திரைப் பை ஒன்று வைத்தேனே, காய்ச்சல் வந்தால் இதைப் போடு, டாக்டரிடம் அலையாதே என்று. அதைத் தூக்கிப் போட்டுவிடு. உடம்பு சுட்டால் லீவு போட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடு. எங்கம்மா நர்ஸ் என்று அங்கே யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிடும்
உன் அம்மா
சாமுண்டீஸ்வரி